கேள்வி-பதில்: காத்து குறைந்தால் விளக்கு எரியுமா?

'டயர் காற்றழுத்த எச்சரிக்கை உண்டு' என்று சொல்லித்தான் காரை விற்றார்கள். தனுஷ்கோடி மணலில் இறக்க நாலு டயரிலும் காற்றைக் குறைத்தேன். விளக்கு எரியவே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (மண்டபம்)

காரில் கோளாறு இல்லை. சொல்லி விற்றதில்தான் கோளாறு. இதில் இரண்டு வகை உண்டு. நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்த சென்சார் அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். மறைமுக வகையில் டயருக்குள் ஒன்றுமே கிடையாது. காற்று இறங்கிய டயர் சற்றுச் சப்பி, மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக இருக்கும் சக்கர வேக சென்சார்கள் அந்த வித்தியாசத்தைப் பிடிக்கும். நாலும் ஒரே அளவு இறங்கினால் சாதாரண மறைமுக வகைக்கு ஒப்பிட ஏது வித்தியாசம்?

விற்பனைத் தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே டிக். ஒன்றில் சக்கரத்துக்கு ஒரு சென்சார் செலவு. மற்றதில் மென்பொருள் மட்டும். வாங்குகிறவருக்கு இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் "எல்லாம் காட்டும் சார்" என்பார்கள். அது பதிலே இல்லை. டெஸ்ட் டிரைவ் வண்டியில் நாலு டயருக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள்.

மணலை விட்டு ஏறியதும் காற்றை நிரப்புங்கள். டயர் ஆறியபின் கதவோரத் தாளில் உள்ள அளவைச் சரிபார்த்து, அதற்குப் பிறகே ரீசெட் அழுத்துங்கள். குறைந்த காற்றோடு அழுத்தினால் அதையே சரியான அளவாகப் பதிந்துகொள்ளும்.

ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிகிறது. காற்று சரியாகவே இருக்கிறது. (கீழக்கரை)

மினுக்கினால் கோளாறு கருவியில். மினுக்காமல் எரிந்தால் டயரைப் பாருங்கள். சென்சார் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு வரும். பெரும்பாலும் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். ஸ்டெப்னி மாட்டியிருந்தாலும் மினுக்கும், அதில் பெரும்பாலும் சென்சார் இருக்காது.

பஞ்சர் கடையில் மூடியைத் திருகும்போதே வால்வு தண்டு உடைந்தது. கடைக்காரரிடம் காசு கேட்கலாமா? (தொண்டி)

அவரை விடுங்கள். இது உப்புக்காற்றின் வேலை. சென்சார் உள்ள வால்வின் தண்டு பெரும்பாலும் அலுமினியம். அதில் பளபள பித்தளை மூடியோ, முலாம் இல்லாத பித்தளை பின்னோ (வால்வுக்குள் காற்றை அடைக்கும் ஊசி) போட்டால், உப்பு ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்து மூடி இறுகிவிடும். பிளாஸ்டிக் மூடியும் நிக்கல் முலாம் பூசிய பின்னும் போதும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையம், பின், நட்டு மூன்றும் புதிது. கழற்றுமுன் "வால்வுல சென்சார் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். வால்வுப் பக்கம் வைத்து டயரை அழுத்திப் பிரித்தால் சென்சார் நொறுங்கும்.

வால்வில் மூடி மாதிரி திருகும் மலிவு சென்சார் வாங்கலாமா? (இராமேசுவரம்)

அது வால்வு பின்னை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே உள்ள ரப்பர் வாஷர் சரியில்லை என்றால் காற்று அதன் வழியே கசியும். நான் வாங்கிய செட், காத்து குறைவதைச் சொல்வதற்குப் பதில் தானே குறைத்தது. வாங்கினால், மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

அதே மாதிரி செட் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு மாதத்தில் செத்தது. விற்றவர் டெல்லியில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. (தேவிபட்டினம்)

இதை விடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். நடக்காவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்கு அலைய வேண்டாம். ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. கெடு 2 ஆண்டு. பில், பெட்டி, திரை எரியாத வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மதுரையிலிருந்து வந்து இறங்கியதும் 38 காட்டியது. 33-க்கு இறக்கினேன். காலையில் விளக்கு எரிகிறது. (ஏர்வாடி)

ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் காட்டும், ஆறினால் இறங்கிவிடும். அதில் யார் காற்றை இறக்கச் சொன்னது? திரும்ப நிரப்புங்கள்.