பால் கொடுத்த கையும் ஏரியைத் திறந்த கையும்

வாசகர் கேள்வி - பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சினிமாக்காரர்கள், அரசியல், யாரை நம்புவது. மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நடிகர்கள் நடிப்பதோடு நிறுத்திக்கொள்ளக்கூடாதா அக்கா? எதற்கு எல்லோருக்கும் கோட்டை மேல் கண்?
(ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்)

எதற்கு நிறுத்திக்கொள்ள வேண்டும்? வாக்காளர் பட்டியலில் பேர் இருந்து 25 வயதும் ஆகிவிட்டால் சட்டமன்றத்துக்கு நிற்கலாம். வக்கீல் நிற்கிறார், கான்ட்ராக்டர் நிற்கிறார், கல்லூரி நடத்துகிறவர் நிற்கிறார், நடிகர் மட்டும் கூடாது என்றால் அது என்ன நியாயம்? இது புதுசும் இல்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடிய கே.பி. சுந்தராம்பாள் 1958-ல் மேலவைக்குப் போனார். எஸ்.எஸ். ராஜேந்திரன் 1962-ல் தேனியில் ஜெயித்தார். அண்ணா நாடகம் எழுதி நடித்தவர், கலைஞர் வசனம் எழுதியவர்.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு பாதி சரி என்றுதான் எனக்கும் படுகிறது. எம்.ஜி.ஆர். 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்தார், 1967-ல் பரங்கிமலையில் ஜெயித்தார், 1972-ல் தனிக்கட்சி, 1977-ல் முதலமைச்சர். எண்ணிப் பாருங்கள், 24 வருஷம். இன்றைக்கு அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் 1977-ஐ மட்டும் காட்டுகிறார்கள், நடுவில் கட்சிக் கூட்டம், கிளைக் கழகம், தேர்தல் வேலை என்று போன வருஷங்களைச் சொல்வதில்லை. நடிகர் என்பதால் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கட்சி ஆரம்பிப்பதற்கு முன்னால் பத்து வருஷம் எந்தப் பிரச்சினைக்கு எங்கே நின்றார் என்று கேட்பேன். நடிகரிடம் மட்டுமில்லை, அமைச்சர் மகனிடமும் அதையேதான் கேட்பேன்.

இன்னொன்று. தமிழ்நாட்டு ஜனம் திரையைப் பார்த்து ஓட்டுப் போடுகிற ஜனம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். சிவாஜி கணேசனை விடப் பெரிய நடிகர் யார்? 1989-ல் திருவையாற்றில் அவரைத் தோற்கடித்தோம். விஜயகாந்தை 2006-ல் விருத்தாசலத்தில் ஜெயிக்கவைத்து, 2011-ல் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி வரை கொண்டுபோன அதே மக்கள்தான் 2016-ல் உளுந்தூர்பேட்டையில் அவரைத் தோற்கடித்தார்கள். கமல்ஹாசன் 2021-ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். காமராஜரையே 1967-ல் விருதுநகரில் தோற்கடித்தவர் நடிகர் இல்லை, ஒரு மாணவர் தலைவர். அந்தந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று நாம் சண்டை போடலாம், ஆனால் யோசிக்காமல் போட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு தாங்காது.

எம்.ஜி.ஆரா, சிவாஜியா?
(கல்லூரி மாணவி, அண்ணா நகர்)

நடிப்பு என்றால் எனக்கு சிவாஜி. ஆட்சியை நடிப்பு அளக்கிற படியால் அளக்க முடியாது, அதனால் அந்தக் கேள்வியை அங்கே நீட்ட வேண்டாம்.

எங்க தாத்தா இன்னும் “எம்.ஜி.ஆர். சோறு போட்டார்” என்று சொல்லித்தான் ஓட்டுப் போடுகிறார். எதிர்த்துப் பேசினால் கண் கலங்குகிறார். என்ன சொல்வது?
(ஒரு வாசகி, வியாசர்பாடி)

தாத்தாவின் கண்ணீரைக் கேலி செய்துவிடாதீர்கள் அம்மா. அந்தச் சோற்றை நான் சாப்பிட்டிருக்கிறேன். மாநகராட்சிப் பள்ளியில் அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்காருவோம், சாம்பார் சாதம் சூடாக விழும்போது தட்டு தொடையைச் சுடும், பாவாடையை மடித்து அடியில் வைத்துக்கொள்வோம். என் பக்கத்தில் உட்காரும் பெண் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தூக்கில் போட்டுத் தம்பிக்கு எடுத்துப் போவாள். அந்த ஒரு வேளைக்காகவே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 1982-ல் அதை அவ்வளவு பெரிதாக விரித்தது எம்.ஜி.ஆர்.தான், அந்த நன்றி நியாயமானது.

தாத்தாவோடு உட்கார்ந்து அந்தக் கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் இருந்து பேசுங்கள். 1920-ல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு ஆரம்பித்தது. வெள்ளைக்கார அரசு அந்தச் செலவுக்குக் குறுக்கே நின்றதால் சில வருஷத்தில் நின்றுபோனது. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு 1982. அதற்கப்புறம் 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஒரு தட்டுச் சோற்றுக்குப் பின்னால் நூறு வருஷமும் நாலைந்து கட்சியும் இருக்கின்றன, அப்புறம் தினமும் அடுப்பு மூட்டுகிற சத்துணவு ஊழியர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பெயரை எந்தச் சுவரொட்டியிலும் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் தாத்தாவுக்கு எம்.ஜி.ஆர். மேல் இருக்கும் பிரியம் ஒரு பிடி கூடக் குறையாது. குறையவும் வேண்டாம்.

2015 வெள்ளத்தில் எங்களுக்குப் பாலும் பிரெட்டும் கொண்டுவந்தது ஒரு நடிகரின் ரசிகர் மன்றப் பையன்கள்தான். எந்தக் கட்சிக்காரனும் வரவில்லை. அந்த நடிகர் நின்றால் ஓட்டுப் போடுவேன், இதில் என்ன தப்பு?
(ஒரு வாசகர், ஜாபர்கான்பேட்டை)

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் எனக்கும் அந்தப் பால் கிடைத்தது. அப்போது நாங்கள் சைதாப்பேட்டையில், அடையாற்றிலிருந்து நாலு தெரு தள்ளி. டிசம்பர் 2 காலையில் மாடிப்படியில் ஏழு படி தண்ணீருக்குள். மின்சாரம் இல்லை, போன் இல்லை, பக்கத்து வீட்டில் எட்டு மாதக் குழந்தை. பத்து மணி வாக்கில் நெஞ்சளவு தண்ணீரில் ஒரு பையன் தெர்மோகோல் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தான், பனியனில் அவனுடைய நடிகரின் படம், பலகை மேல் பால் பாக்கெட். நாங்கள் பால்கனியிலிருந்து வாளியில் கயிறு கட்டி இறக்கினோம். “குழந்தை இருக்கிற வீடு எது அக்கா, அவங்களுக்கு ரெண்டு” என்றான். வெளியில் ஒரு பாக்கெட் நூறு ரூபாய் வரை விற்ற நாள் அது. அவன் காசு வாங்கவில்லை, பேரும் சொல்லவில்லை. அந்தப் பையனை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி வந்தது? மழை பேய்மழைதான், அதில் சந்தேகமில்லை. அதோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று இரவு நொடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியது. ஏரியில் ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர் தேக்கி வைத்திருந்தார்கள், ஏன் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக விடவில்லை, கரையோரத்தில் இருந்தவர்களுக்கு எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று அன்று ஆரம்பித்த சண்டை வருஷக்கணக்கில் ஓடியது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை அதை மனிதர்களால் வந்த பேரிடர் என்றே சொன்னது. பால் கொடுத்த கை வேறு, ஏரியைத் திறந்த கை வேறு. பால் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. ஓட்டு என்பது ஏரி யார் கையில் இருக்க வேண்டும் என்று சொல்கிற சீட்டு.

அதனால் அந்த நடிகர் உங்கள் தெருவுக்கு வரும்போது மாலையோடு போங்கள், தாராளமாகப் போங்கள். மாலையைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்: “சார், டிசம்பர் மாதம் ஏரி நிரம்பும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு முடிவெடுக்க வேண்டியது உங்கள் ஆட்சியில் யார்? எங்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வீர்கள்? ஆற்றோரத்தில் கட்டியிருக்கிற பெரிய கட்டடங்களை என்ன செய்வீர்கள்?” நிதானமாகப் பதில் சொன்னால் ஓட்டுப் போடுங்கள். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனால், அந்தப் பாலுக்கு நீங்கள் கடன்பட்டது மன்றத்துப் பையனிடம்தான், அவரிடம் இல்லை.

என் மகனுக்கு 19 வயசு. ஒரு நடிகரின் கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் வேன் ஏறிப் போய்விடுகிறான். திட்டினால் இரண்டு நாள் பேசமாட்டான். நான் என்ன செய்வது?
(ஒரு தாய், பெரம்பூர்)

திட்டாதீர்கள். என் தம்பி அந்த வயதில் இப்படித்தான் இருந்தான். அப்பாவால் அவனைத் திட்டவே முடியவில்லை, ஏனென்றால் எம்.ஜி.ஆர். காலமான அன்று சைதாப்பேட்டையிலிருந்து ராஜாஜி ஹால் வரை நடந்தே போய், திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மனுஷன் அவர். தம்பி கட்அவுட்டுக்குக் காசு கேட்டு நின்றபோது ஐம்பது ரூபாயை எடுத்துக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “மொத்தம் எவ்வளவுடா ஆகும்?” என்று கேட்டார். தம்பி சொன்னான். “பசங்க போட்டது எவ்வளவு?” அதையும் சொன்னான். “மீதியை யார் தருவா, எதுக்குத் தருவா?” என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று தம்பி கட்அவுட் வைக்கத்தான் போனான். ஆனால் அந்த மூன்றாவது கேள்வி அவனை விடவில்லை, மன்றத்தில் போய்க் கேட்டான், சரியான பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்த நடிகர் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறான். ஓட்டு யாருக்கு என்று மட்டும் என்னிடம் கூடச் சொல்வதில்லை.

மகனிடம் நீங்களும் கேளுங்கள். வேனுக்கு யார் காசு? இந்தக் கட்சி உன் படிப்புக்கும் வேலைக்கும் என்ன சொல்கிறது, எழுத்தில் இருக்கிறதா, எனக்கும் படித்துக் காட்டு. சண்டைக்காகக் கேட்காமல் தெரிந்துகொள்ளக் கேளுங்கள், அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், கூட்டத்துக்குப் போவதைப் பற்றி. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 உயிர் போனது, குழந்தைகளும் அதில். யார் மேல் தவறு என்பதை விசாரணை சொல்லட்டும், அது சிபிஐ கையில் இருக்கிறது. ஆனால் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை இன்றைக்கே சொல்லுங்கள்: தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், தலைவர் வண்டியை ஒட்டி நிற்காதே, வெளியே போகிற வழி எது என்று முதலில் பார்த்துக்கொள், மணிக்கணக்கில் தாமதமானால் வெட்கப்படாமல் கிளம்பி வந்துவிடு. தலைவரை டிவியிலும் பார்க்கலாம் கண்ணு என்று சொல்லுங்கள்.

எந்த டிவியை நம்புவது? எந்தப் பத்திரிகையை நம்புவது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்)

ஐயா, நாட்டைப் பிடித்த நோய்கள் என்று பெரியார் ஐந்தைச் சொன்னார். அதில் சினிமாவும் உண்டு, பத்திரிகையும் உண்டு. பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற நான் அதைப் படித்த நாளிலிருந்து மறக்கவில்லை. அதனால் என்னையும் நம்பிவிடாதீர்கள், நான் எழுதியதைச் சரிபாருங்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு செய்தி மனசை ரொம்பக் கொதிக்கவைத்தால் அன்றைக்கு யாருக்கும் அனுப்பமாட்டேன், மறுநாள் காலையில் எதிர்க்கட்சி டிவியில் அதையே எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற பகுதி எதுவோ அதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வேன். தேர்தல் நேரம் என்றால் வேட்பாளர் தாக்கல் செய்கிற பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் படிப்பேன். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பேத்தியிடம் சொன்னால் போனில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவாள்.

சுயமாக யோசித்துப் பார்த்தேன், எல்லோரும் திருடர்கள்தான். அதனால் நான் ஓட்டுப் போடுவதில்லை. சரிதானே?
(ஐடி ஊழியர், வேளச்சேரி)

இல்லை தம்பி, சரியில்லை. “எல்லோரும் திருடர்கள்” என்பது நீங்கள் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை, டீக்கடையில் தயாராகக் கிடைக்கிற வாக்கியம். “தலைவர் சொன்னால் சரி” என்று ஒருவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, இரண்டு பேருமே ஆள் ஆளாகப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்த்துவிடுகிறீர்கள். யாரையும் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்வதற்கும் 2013-லிருந்து சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டா இருக்கிறது.

2022 பிப்ரவரி 19 நினைவிருக்கிறதா? சென்னை மாநகராட்சித் தேர்தல், 200 வார்டு. மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை என்று நாம் தினமும் புலம்புவது எல்லாவற்றுக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கிற நாள். ஊர் முழுக்கப் பதிவான ஓட்டு 44 சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. அதில் நிற்பவர்களில் பெரும்பாலும் நடிகரும் இல்லை, கட்அவுட்டும் இல்லை, நமக்கு ஆர்வமும் இல்லை.

அன்று மதியம் மூன்று மணிக்கு நான் ஓட்டுப் போடப் போனபோது வகுப்பறையில் ஊழியர்கள் ஆளுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும், கைத்தடி. வெளியே வந்ததும் வாசலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு மர நிழலில் நின்றுகொண்டார். என்ன ஐயா, வண்டி வரணுமா என்று கேட்டேன். “இல்லம்மா, சாயங்காலம் அந்த ரெண்டு கேண்டிடேட்டும் இந்தப் பக்கம் வருவாங்க. எங்க தெரு வடிகால் எந்த மாசம் தூர் வாரினாங்கன்னு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு பேர் கையிலயும் ஒரு காப்பி கொடுக்கணும்” என்றார். சட்டைப் பையில் நாலாக மடித்த இரண்டு காகிதம் இருந்தது.