அழுகை நின்றது, அசதி போகவில்லை

கேள்வி: வயது 34. மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். அழுகை நின்றுவிட்டது. ஆனால் காலையில் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிறது, பையன் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் தோன்றுவதில்லை. தாம்பத்தியத்திலும் நாட்டமில்லை. ‘அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை’ என்று மாமியார் சொல்ல, நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைக்குள் விர்ரென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது, பயந்துபோய் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இனி இப்படித்தானா?

- வாசகி, ஈரோடு

பதில்: இல்லம்மா, இப்படியே இருக்க வேண்டியதில்லை. பாதி குணமானதோடு ‘இவ்வளவுதான்’ என்று பலர் நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

அந்தக் கரண்ட் அடித்த உணர்வு, இந்த வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் வருவது. அடிமையாகிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை, மூளைக்குப் பழகிக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் தடவை வந்த மனச்சோர்வென்றால் நன்றாகத் தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை மாத்திரையைத் தொடர்வது வழக்கம், அப்புறம் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, மிச்சமிருக்கும் தொந்தரவு நோயின் மிச்சமா, மாத்திரையின் வேலையா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இதைப் பிரித்தே ஆக வேண்டும். பையன் கட்டிக்கொண்டால் ஒன்றும் தோன்றாதது மாத்திரைக்கு முன்பே இருந்ததா, யோசித்துப் பாருங்கள். முன்பே இருந்தால் நோய் இன்னும் முழுதாக விடவில்லை, அளவைக் கூட்டவோ பேச்சு சிகிச்சையைச் சேர்க்கவோ வேண்டியிருக்கும். அழுகை நின்றபோது சிரிப்பும் சேர்ந்து நின்றுபோயிருந்தால் மாத்திரையைச் சந்தேகிக்கலாம். ஆரம்பத்தில் வரும் குமட்டல் ஓரிரு வாரத்தில் போய்விடும், ஆனால் தாம்பத்திய நாட்டம் குறைவது பலருக்குத் தானாகச் சரியாவதில்லை. கூச்சத்தில் சொல்லாமல் விடுவதால்தான் அது வருடக்கணக்கில் நீள்கிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். அளவைக் குறைக்கலாம், அந்தத் தொந்தரவு குறைவாக உள்ள வேறு மாத்திரைக்கு மாற்றலாம், வழி இருக்கிறது.

அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள், எல்லாப் பழியையும் மனசின் மேல் போட வேண்டாம். காலையில் மாத்திரை போட்டுப் பகலெல்லாம் தூக்கம் வருகிறதென்றால் நேரத்தை ராத்திரிக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். வேறு வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், டிராமடால் போன்றவை இதோடு சேரக்கூடாது.

வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, கிழிக்கிற தாளின் பின்பக்கம் எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், அன்று எது கொஞ்சமாவது பிடித்திருந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. மற்றபடி இரண்டு வாரத் தாள் சேர்ந்ததும் கணவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் அதைக் காட்டுங்கள்.