நெல்லுக்கும் மூச்சு முட்டும்

கேள்வி: நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே? வெள்ளம் வந்தால் அதற்கென்ன கேடு? பஞ்சாபில் வெள்ளம் என்றால் வெளிநாட்டில் ஏன் பதறுகிறார்கள்?
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: நெல்லுக்குக் கால் நனையலாம் அம்மா, தலை முழுகக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் முழுக மூழ்கினால் மூச்சு முட்டி அழுகிவிடும். 2005 ஜூலை 26 உங்களுக்கு நினைவிருக்கும், ஒரே நாளில் 944 மி.மீ. மழை. சயானில் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்தது. மறுநாள் மூடியைத் திறந்தால் அரிசி ஊதிப்போய், புளித்த வாடை. அதை அள்ளிக் கொட்டியபோது என் அம்மா அழுதார். எனக்கு அது ஒரு டிரம். விவசாயிக்கு ஒரு வருஷம்.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால்தான் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. 2023 ஜூலையில் பஞ்சாப், ஹரியானாவில் புதிதாக நட்ட நாற்றுகள் மூழ்கின. அதே மாதம் 20ஆம் தேதி, உள்நாட்டில் விலை ஏறுகிறது என்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை அரசு நிறுத்தியது. உலக அரிசி வியாபாரத்தில் சுமார் 40 சதவீதம் நம்முடையது. அப்புறம் ஆப்பிரிக்காவில் நம் அரிசியை நம்பிச் சமைக்கிறவர்கள் பதறாமல் என்ன செய்வார்கள்?

ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ‘ஸ்வர்ணா சப்-1’ ரகம் சுமார் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கும். 2009 முதல் இங்கே இருக்கிறது. வெள்ளம் வரும் வயலுக்கெல்லாம் அந்த விதை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.