நாற்பதாவது நாள் – கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். தம்பிக்கு 29 வயது, செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. இரண்டு வருஷமாகப் போனில் ஸ்லாட் சூதாட்டம் ஆடி, சம்பளம், அம்மாவின் நகை எல்லாம் போய், ஆ லோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) ஆட்கள் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. இப்போது ஆடாமல் 40 நாள். ராத்திரி அவன் தூங்கியதும் போனை எடுத்துப் பார்க்கிறேன். சூதாட்டம் நடத்துகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "பாத்தியாக்கா, என் தப்பு மட்டும் இல்ல" என்கிறான். அவனுக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள் ஐயா. 28-ஆம் தேதி சம்பளம். பயமாக இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

கோபம் நியாயம்தான். என் கதையைச் சொல்லாமல் அந்தக் கட்டுரையை எழுதியது தப்பு.

நான் ஆடியது நாலு நம்பர், அதாவது நாலு இலக்க லாட்டரி. பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயா என்று பலகையில் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை) குலுக்கல் நடக்கும் புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கும். சாலையில் கார் மோதிக் கிடந்தால், உள்ளே இருப்பவனைப் பார்க்கும் முன் நம்பர் பிளேட்டைப் பார்க்கிற ஆள். புற்றுக்குப் பால் ஊற்றி நம்பர் கேட்டிருக்கிறேன். விட்டு 11 வருஷம் ஆகிறது.

விட்ட பிறகு ஒரு நாள், மகளின் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். மொத்தம் 10,000 நம்பர். 'பெரிசு' என்கிற பந்தயத்தில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) வைத்தால் முதல் பரிசு 2,500, அடுத்தது 1,000, மூன்றாவது 500. அப்புறம் 180 வெள்ளிப் பரிசு பத்து, 60 வெள்ளிப் பரிசு பத்து. பத்தாயிரம் நம்பரையும் நானே வாங்கினால்கூடத் திரும்பி வருவது 6,400 வெள்ளி. மீதி கம்பெனிக்கும் வரிக்கும். ஒளிவுமறைவே கிடையாது, பரிசுத் தொகை கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும். அதன் முன்னால் அத்தனை வருஷம் வரிசையில் நின்றவன் ஒரு தடவை கூட்டிப் பார்த்ததில்லை. அது என் தப்பு.

தம்பி ஆடியதில் கூட்டிப் பார்க்க அந்தப் பலகைகூட இல்லை. இரண்டு வெள்ளி வைத்து 80 காசு வந்தாலும் மணி அடிக்கும், திரையில் நாணயம் கொட்டும். 1 வெள்ளி 20 காசு தொலைத்ததற்குத் திருவிழா! மூன்றாவது ஏழு ஒரு கோடு தள்ளிப் போய் நிற்கும். தோற்றவனுக்கு ஜெயிக்க இருந்த மாதிரி தோன்றும். நாலு நாள் ஆடாமல் இருந்தால் 'இலவச கிரெடிட்' என்று செய்தி வரும். யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை இது. ஆடியது தருமன் தப்புதான், ஆனால் ஆட்டத்துக்கென்றே மண்டபம் கட்ட வைத்தவன் துரியோதனன். நான் கேட்டது அந்த மண்டபத்தைப் பற்றி.

சிங்கப்பூரில் வீட்டார் விண்ணப்பித்தே ஒருவரை கேசினோவுக்குள் விடாமல் தடுக்க முடியும். இங்கே உரிமமே இல்லாத தளத்திடம் யார் போய்க் கேட்பது? ஆனால் அந்தத் தளத்தின் விளம்பரம் போனுக்கு வந்த வழியைக் கேட்கலாம். 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் உரிமம் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. சூதாட்ட விளம்பரத்துக்கு ஏன் காசு வாங்கினாய் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். தம்பியிடம் சொல்லுங்கள்: அவர்கள் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன், அவன் பங்கை அவன் பார்க்கட்டும்.

போனைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அழிக்கத் தெரிந்தவன் அழித்துவிடுவான், உங்களுக்குத்தான் தூக்கம் போகும். பணத்தைப் பாருங்கள், அவனுக்குத் தெரிந்தே. என் ஏடிஎம் கார்டை மனைவி வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் மைலோ டின்னுக்கு அடியில் 15 வெள்ளி வைப்பாள். முதல் வாரம் அவமானம் தாங்காமல் அதைத் தொடாமலே வேலைக்குப் போய்ப் பட்டினி கிடந்தேன். அப்புறம் பழகிவிட்டது. நம்பர் கடையைத் தாண்டும்போது பையில் இருப்பது சோற்றுக்கும் பெட்ரோலுக்கும்தான் என்பது, சொன்னால் சிரிப்பீர்கள், நிம்மதியாக இருந்தது.

ஊழியர் சேமநிதியை மறக்காதீர்கள். 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆடுகிறவன் கையில் அது ஆபத்து. அதிலுள்ளதைச் சேமநிதியின் மற்றக் கணக்குக்கு மாற்றிவிட்டால் திரும்ப இதற்குள் கொண்டுவர முடியாது. நீங்கள் பக்கத்தில் உட்கார, அவனே மாற்றட்டும்.

வங்கிக் கடனுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, ஆலோசனை இலவசம். ஆ லோங் கடன் அவர்கள் கைக்குள் வராது. சாயம் ஊற்றியதற்குப் போலீசில் புகார் எழுதிவிடுங்கள். கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணத்தை) எடுத்து ஒரே அடியாக எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். கடன் தீர்ந்த அன்றைக்குத்தான் எனக்குக் கை அரித்தது.

அவனை டாக்டரிடம் காட்டுங்கள். மருத்துவமனை என்றதும் அம்மா, மனநல மருத்துவமனை இருக்கும் ஊரை நினைத்து, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று கேட்கக்கூடும். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. சர்க்கரைக்கு டாக்டரிடம் போவது போல இதற்கும் போகலாம்.

இன்னொன்று. சொல்லாத கடன் ஒன்று இன்னும் இருக்கும். நண்பனிடம் வாங்கிய 1,800 வெள்ளியை நான் மூன்றாம் மாதம்தான் வாயைத் திறந்து சொன்னேன். அவன் சொல்லும்போது வாங்கியதற்குத் திட்டுங்கள், சொன்னதற்குத் திட்டாதீர்கள்.

28-ஆம் தேதி வேலை முடிகிற நேரத்துக்கு ஆலை கேட்டில் போய் நில்லுங்கள். சம்பளத்தை அங்கேயே அவன் கையாலேயே உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டு, இருவரும் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள், இரண்டு வரி போதும்.