தோற்ற வருடங்களின் சாமான்கள்

கேள்வி: பழைய விளையாட்டுச் சாமான்கள் சேர்க்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? என்ன சேர்க்கிறீர்கள், எப்படித் தொடங்கியது?

நான் இருக்கிறேன். ஆனால் கிரிக்கெட் இல்லை, பேஸ்போல். அதிலும் ஒரே அணி, கனடாவின் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ். அதிலும் 1977 முதல் 1989 வரை மட்டும்தான். 1992, 1993 இரண்டு வருடமும் உலகத் தொடரை வென்றார்களே, அந்தச் சாமான்கள் எனக்கு வேண்டாம். இங்கே யாருடைய பேஸ்மென்றில் தேடினாலும் ஒரு பெட்டி கிடைக்கும். அந்த நாட்களில் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைக் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். இன்று ஒரு கோப்பிக் காசுக்கும் தேறாது.

1986இல் இங்கு, ரொறன்ரோவுக்கு வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். சமையலறை ரேடியோவில் கோடை முழுக்க பேஸ்போல்தான் ஓடும். ஒன்றும் விளங்காது. பந்தை அடித்தவன் ஏன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான் என்பதே ஒரு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. பிறகு கூட வேலை செய்த சமையல்காரர் ஒருவர் என்னை புளூ ஜேய்ஸ் அப்போது ஆடிய எக்சிபிஷன் ஸ்ரேடியத்துக்குக் கூட்டிப் போனார்.

அதைப் போல ஒரு மைதானத்தை இனி யாரும் கட்டமாட்டார்கள். கனேடிய ஃபுட்போல் மைதானத்தில் பேஸ்போலுக்கு இடம் ஒதுக்கியது அது. சில கதிரைகள் பந்தடிக்கும் இடத்திலிருந்து 820 அடி தள்ளி இருந்தன. அங்கிருந்து பார்த்தால் வீரர்கள் எறும்புதான். கூரை இருந்தது வெளிமைதானப் பக்கத்து மலிவு இருக்கைகளுக்கு மட்டும். காசு கூடக் கொடுத்தவன் மழையில் நனைவான், நாங்கள் நனையாமல் இருந்தோம். ஏரிக்காற்று எலும்புக்குள் போகும். சிப்ஸ் பையைத் திறந்தால் கடற்புறா வந்து நிற்கும்.

இந்தப் பறவைகளால் ஒரு வழக்கே நடந்தது. 1983 ஓகஸ்ட் 4இல் நியூயோர்க் யாங்கீஸ் வீரர் டேவ் வின்ஃபீல்ட் சும்மா எறிந்த பந்து பட்டு ஒரு கடற்புறா செத்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் பொலிஸ் அவரைக் கூட்டிப்போய், மிருகவதை என்று குற்றம் சாட்டி, 500 டொலர் பிணையில் விட்டது. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அதே மனிதர் 1992இல் எங்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு 11ஆவது இன்னிங்ஸில் அடித்த அடிதான் கோப்பையைக் கொண்டுவந்தது. அவருக்காக மட்டும் 1992 அட்டை ஒன்றை விதிவிலக்காக வைத்திருக்கிறேன்.

அணியின் முதல் ஆட்டம் 1977 ஏப்ரல் 7. பனி கொட்டியது. மேப்பிள் லீவ்ஸ் ஹொக்கி அணியிடம் ஐஸ் தளம் துடைக்கிற சாம்போனி வண்டியை இரவல் வாங்கி மைதானத்தைத் துப்புரவு செய்தார்கள். 44,649 பேர் விறைத்தபடி பார்த்திருக்க, எங்கள் டக் ஓல்ற் இரண்டு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். சிகாகோ வைட் சொக்ஸை 9-5 என்று வென்றார்கள். அணியின் அன்றைய உரிமையாளர்களில் ஒருவர் லபாட் பியர் கொம்பனி. ஆனால் மைதானத்தில் பியர் விற்க 1982 வரை அனுமதி இல்லை! சனம் பியர் வேண்டும் என்று கோஷம் போட்டதாம். அந்த வெற்றியோடு சந்தோஷம் முடிந்தது. அந்த வருடம் 107 தோல்வி, அடுத்த வருடம் 102, 1979இல் 109.

அந்த முதல் நாள் ஆசையில்தான் நான் ஏமாந்தேன். ஒரு கண்காட்சியில் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் பந்து வைத்திருந்தார். முதல் ஆட்டத்துப் பந்து, டக் ஓல்ற் கையெழுத்து என்றார். இரண்டு கிழமைச் சம்பளம் போனது. வீட்டில் மனிசியிடம் பாதி விலைதான் சொன்னேன். அப்புறம் ஒருநாள் விளக்கடியில் உருட்டிப் பார்த்தேன். புளூ ஜேய்ஸ் ஆடுகிற அமெரிக்கன் லீக்கின் அன்றைய பந்துகளில் லீக் தலைவரின் கையெழுத்தும் அச்சாகியிருக்கும். என் பந்தில் இருந்தது பொபி பிரவுன். அவர் தலைவரானது 1984இல்! 1977இல் இருந்தவர் லீ மக்ஃபெயில். பேனாக் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்த நான், பக்கத்தில் இருந்த அச்சை வாசிக்கவேயில்லை. விற்றவரை அதற்குப் பிறகு காணவில்லை. பந்து இன்னும் இருக்கிறது, மகன் நாய்க்கு எறிந்து விளையாடுகிறான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் காட்டுவது 1977 ஓ-பீ-சீ அட்டைகள். ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துக் கொம்பனி, அமெரிக்காவின் ரொப்ஸ் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி அச்சடித்தது. மொத்தம் 264 அட்டை. அமெரிக்கப் பதிப்பில் 660. பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். விளிம்பு நூல் பிரிந்த துணி மாதிரிச் சொரசொரவென்று இருக்கலாம். வெட்டின விதம் அப்படி, அதைப் பழுதென்று ஒதுக்காதீர்கள். என்னுடைய அட்டை ஒன்றில், பொட்டலத்துக்குள் கூடவே வந்த சுவிங்கம் ஒட்டியிருந்த நீள்சதுரக் கறை அப்படியே இருக்கிறது. விலை குறைந்துதான் கிடைத்தது. எனக்கு அதில்தான் பிரியம்.

இன்னும் கிடைக்காதது 1979 ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்று, யாராவது பென்சிலால் புள்ளி குறித்தது. 109 தோல்வி கண்ட வருடத்தில் பென்சிலோடு போயிருந்தவர் யார் என்று கேட்காதீர்கள். இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பழைய வீடு வாங்கியவர்கள், பேஸ்மென்றை ஒதுக்கும்போது கண்டால் எறிய முதல் எனக்கு ஒரு சொல்லு சொல்லுங்கள்.