போத்தல் வாங்கும் முன் வேரைப் பாருங்கள்

கந்தப்பளையில் லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் லீக்ஸும் போடும் ஒரு சகோதரி கேட்கிறார்: “நுண்ணுயிர்ப் பசளை என்று ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன். வழக்கம்போல யூரியாவும் போட்டேன். வித்தியாசமே தெரியவில்லை. இன்னொன்று வாங்கட்டுமா?”

இப்போதைக்கு வேண்டாம். போஞ்சி பூக்கும் நேரத்தில் ஒரு செடியை மண்ணோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பிடுங்கினால் வேர் முடிச்சுகள் என்ற சிறு உருண்டைகள் மண்ணிலேயே நின்றுவிடும். வேரில் ஒட்டியிருக்கும் அந்த உருண்டை ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ரைசோபியம் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிறம் எனக்குச் சந்தோஷம்தான். வெள்ளையோ பச்சையோ என்றால் வேலை நடக்கவில்லை. உருண்டை கழன்று வராமல் வேரே வீங்கியிருந்தால் அது வேரைத் தாக்கும் வட்டப்புழு, வேறு பிரச்சினை.

முடிச்சே இல்லையா? நான் முதலில் யூரியாவைத்தான் சந்தேகிப்பேன். யூரியாவிலிருந்து நைதரசன் தாராளமாகக் கிடைக்கும்போது செடி தன் சீனியைக் கொடுத்து பக்டீரியாவை வளர்க்காது. அதற்காக யூரியாவை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். அவரை இனத்தில் போஞ்சி நைதரசன் பிடிப்பதில் கொஞ்சம் மந்தம். நடும்போது அடிக்கட்டாகச் சிறிதளவு போடுங்கள், பிறகு போடும் மேற்கட்டை வேரைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

லீக்ஸின் கதை வேறு. அதன் வேரில் மயிர்கள் குறைவு. மைகொரைசா என்ற பங்கசு வேருக்குள் குடியேறி, மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டி, வேர் எட்டாத இடத்துப் பொஸ்பரஸைக் கொண்டுவரும். நமது புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த உதவி பெரிது. ஆனால் வருடக்கணக்காக டீஎஸ்பி என்ற பொஸ்பரஸ் பசளையும் கோழி எருவும் கொட்டிய பாத்தியில் பொஸ்பரஸ் மிதமிஞ்சிக் கிடக்கும். அங்கே செடி பங்கசைச் சேர்த்துக்கொள்வது குறையும். அதனால் மண்ணைப் பரிசோதிக்காமல் டீஎஸ்பி போடாதீர்கள். கோவா, ராபு, பீட்ரூட் மூன்றும் இந்தப் பங்கசை வளர்ப்பதில்லை. அவற்றுக்குப் பின் உடனே லீக்ஸ் நடுவதைவிட, போஞ்சி அல்லது கரட் எடுத்த பாத்தியில் நடுங்கள்.

புளிப்பு அதிகம் என்று பரிசோதனை சொன்னால் நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே புளிப்பைக் குறைக்கும் டொலமைட் இட்டுக் கலக்குங்கள். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு முடிச்சு வராவிட்டால் போத்தல் வாங்கலாம். போஞ்சிக்கு என்று லேபலில் இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சோயாவுக்கான ரைசோபியம் போஞ்சிக்கு உதவாது. கடையில் வெயில் படும் தட்டில் இருந்ததை எடுக்காதீர்கள், உள்ளே இருப்பது உயிர்.