என் வாஷிங் மெஷின் மாடலைப் பாதுகாப்புக் குறைபாட்டால் நிறுவனம் திரும்பப் பெறுகிறதாம். வாரண்டியும் முடிந்தது, பில்லும் இல்லை. எனக்கு என்ன வழி?

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 'இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடியது' என்று இன்னொரு தடவை துணி போட வேண்டாம்.

அடுத்து, மெஷினின் பின்புறமோ கதவு விளிம்பிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும், பல நேரம் சில சீரியல் எண்கள் மட்டுமே திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். தானாக வரும் போன் அழைப்பை நம்பி வங்கி விவரம் கொடுத்துவிடாதீர்கள்.

வாரண்டி முடிந்ததை நினைத்துத் தயங்காதீர்கள். பாதுகாப்புக் குறைபாடு வேறு, வாரண்டி வேறு. சீரியல் எண் இருந்தால் பெரும்பாலும் பில் கேட்க மாட்டார்கள். பழைய பொருளை வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

கிடைப்பது பொதுவாக மூன்றில் ஒன்று: இலவசப் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம். 2016-ல் அமெரிக்காவில் சாம்சங் சுமார் 28 லட்சம் மேல்திறப்பு வாஷிங் மெஷின்களைத் திரும்பப் பெற்றபோது, வீட்டுக்கே வந்து சரிசெய்வதும் புது மெஷின் வாங்கத் தள்ளுபடியும் தந்தது. வாங்கி 30 நாளுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் முழுப் பணம். தள்ளுபடி என்றால் மீதிப் பணம் நம் கையிலிருந்துதான் போகும். அதனால் மெஷின் பழசாக இல்லாவிட்டால் பழுதுநீக்கமே லாபம் என்பேன்.

இழுத்தடித்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். அதுவரை மெஷினை யாருக்கும் விற்கவோ சும்மா கொடுக்கவோ வேண்டாம்.